ஒரு கேஜ் கொசுறு

மூன்று வருடங்களுக்கு முன், மழை ஓய்ந்த கையோடு நடந்தது இது. தாராவியில் எனக்கு ஸ்பிரிங் சுற்றும் பட்டறை. கடை ஷட்டர், ஸ்கூட்டர் ஸ்டாண்டு, சோபா என்று எதற்குக் கேட்டாலும் சுற்றிக் கொடுப்பேன். அண்ணாச்சி ஸ்பிரிங் அறுந்ததாகச் சரித்திரமே இல்லை என்று ஏரியாவில் பெயர். அதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. கேட்டதைவிட ஒரு கேஜ், அதாவது தடிமனில் ஒரு படி, கெட்டியான கம்பியில் போட்டுவிடுவேன். காய்கறிக்காரர் கொத்தமல்லியைக் கொசுறாகப் போடுவதில்லையா, அது மாதிரி. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தச் சமயத்தில் செம்பூரிலிருந்து ஒருவர் வந்தார். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், ஆபீஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். சொந்தமாக விமானம் கட்டுகிறேன் என்றார். ஆள் கொஞ்சம் மறை கழன்றவரோ என்று நினைத்தேன். மொபைலில் படம் காட்டியதும் வாயை மூடிக்கொண்டேன். ஒருவர் மட்டும் உட்காரும் குட்டி விமானம். அனுமதியெல்லாம் வாங்கி, புனே பக்கம் ஒரு தனியார் ஓடுதளத்தில் வைத்துப் பாகம் பாகமாகப் பூட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்கு வேண்டியது இரண்டே ஸ்பிரிங். விமானத்தின் வாலில் செங்குத்தாக ஒரு பலகை இருக்கிறது. படகுக்குச் சுக்கான் மாதிரி, மூக்கை இடம் வலம் திருப்புவது அதுதான். காலால் மிதித்துத் திருப்ப வேண்டும். காலை எடுத்ததும் அது தானாக நடுவுக்கு வர, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கும்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும் அண்ணாச்சி, அதுதான் முக்கியம்" என்று இரண்டு தடவை சொன்னார்.

"பக்கா சார், கவலைய விடுங்க" என்றேன்.

அவர் கேட்ட கேஜிலேயே ஒன்றைச் சுற்றி முடித்ததும் அந்தக் கம்பி தீர்ந்துபோனது. கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கலாம். ஆனால் ஒரு கேஜ் கெட்டியான கம்பி கையிலேயே இருந்தது. கெட்டியாய்ப் போட்டால் யார் கோபிப்பார்கள்? இரண்டாவதை அதில் சுற்றினேன். முலாம் பூசி வந்தபின் எனக்கே எது எதுவென்று தெரியவில்லை. அவர் கும்பிடாத குறையாக வாங்கிப் போனார். நானும் அதை மறந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து போன். "நாளைக்குக் காலம்பற முதல் தடவையா பறக்கப் போறேன் அண்ணாச்சி. தரையில ஓட்டினப்போ ஒரு பக்கமா இழுத்துண்டே இருந்தது. வால் ஓரத்துல ஒரு சின்னத் தகடு உண்டு, அதை வளைச்சு வளைச்சு சரி பண்ணிட்டேன்" என்றார்.

அந்த இழுப்பு எங்கிருந்து வருகிறது என்று உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "நல்லது சார், வாழ்த்துகள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வெட்கம். வேறு காரணம் ஒன்றுமில்லை.

சோறு இறங்கவில்லை. என்னவென்று வீட்டுக்காரி கேட்டாள், சொன்னேன்.

"அடப்பாவி மனுசா! அங்க ஒரு உசுரு போவப் போவுது, இங்க வாயில கொழுக்கட்டைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கியளா? போனப் போடுங்க!"

போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். விஷயத்தைச் சொல்லி வாட்ஸப்பில் குரல் பதிந்து அனுப்பினேன். அது ஒற்றை டிக்கிலேயே நின்றது. கம்பிக் கடைக்கு ஓடி, அவர் கேட்ட அதே கேஜ் வாங்கி வந்து, சாயங்காலத்துக்குள் ஒரு ஜோடி சுற்றினேன். ஞாயிறு காலை சயானில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். முலாம் பூசாத ஸ்பிரிங் இரண்டும் பேப்பரில் சுற்றி மடியில் இருந்தன. வழியெல்லாம் முருகா முருகா என்றே வந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது விமானம் வெளியே நின்றது. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அதைச் சுற்றிவந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன். "சார், தப்புப் பண்ணிட்டேன். ஒரு ஸ்பிரிங்கு கெட்டிக் கம்பி. தெரிஞ்சேதான் போட்டேன்."

அவர் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்றினார். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டி, இரண்டையும் ஒரே அளவுக்கு இழுத்துப் பார்த்தார். ஒன்று நாலு கிலோ, இன்னொன்று கிட்டத்தட்ட ஆறு.

"அதானா!" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வேகமாப் போனா சரியா இருக்கும், மெதுவானா மறுபடி இழுக்கும். ரன்வேதான் சரிவாக்கும்னு நினைச்சேன்."

பிறகு எனக்கு விளக்கினார். தகட்டில் காற்று மோதித்தான் வாலை மறுபக்கம் தள்ளும். வேகம் குறைந்தால் அதன் பலமும் போய்விடும். ஸ்பிரிங் அப்படியல்ல, எப்போதும் இழுக்கும். இறங்கும் நேரத்தில், மெதுவாகத் தரையைத் தொடுகிறபோது, மூக்கு ஒரு பக்கம் திரும்பியிருக்கும். அப்படித் தொட்டால் ஓடுதளத்தை விட்டு இழுத்துக்கொண்டு போய்க் கவிழ்ந்துவிடும்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்தார். விமானத்தின் ஒவ்வொரு சாமானும் எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்று அதில் இருந்தது. பேனாவை என் கையில் கொடுத்தார்.

"நடந்ததை எழுதுங்கோ. தமிழ்லயே எழுதுங்கோ. நாளைக்கு இதைத் தொடறவனுக்குத் தெரியணுமே."

நாலு வரி எழுதினேன். அதற்குக் கீழே அவரும் எழுதினார். தராசு கையில் இருந்தும் நான் எடை பார்க்காமல் மாட்டினேன், அது என் தப்பு என்று. அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கம் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

அன்றைக்கு அவர் பறக்கவில்லை. புது ஜோடியைத் தராசில் போட்டுப் பார்த்து மாட்டி, தகட்டை நிமிர்த்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்று வாரம் கழித்துப் பறந்தார். பத்து நிமிஷம்தான். கோடு போட்ட மாதிரி நேராக வந்து இறங்கினார். என் வீட்டுக்காரியும் பார்க்க வந்திருந்தாள். "இப்பமாவது சோறு இறங்குமா?" என்றாள்.

இப்போது என் பட்டறையிலும் ஒரு கொக்கித் தராசு இருக்கிறது, கொசுறு கிடையாது. எங்கள் வட்டாரத்தில் நாள் முழுக்க விமானம் தாழப் பறந்து இறங்கும். முன்பெல்லாம் நான் நிமிர்ந்தே பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொன்றின் வாலையும் பார்க்கிறேன். இதைச் செய்தவர்களில் எவனோ ஒருவன் என்றைக்கோ வெட்கத்தை விட்டு வாயைத் திறந்து தன் தப்பைச் சொல்லியிருப்பான், அதனால்தான் இத்தனை பேர் பத்திரமாக வீட்டுக்குப் போகிறார்கள் என்று தோன்றும்.