மெத்தைக்கடைச் சீட்டும் மகளின் பட்டமும்

பெங்களூர் சிவாஜிநகரில் மூன்று மெத்தைக்கடை, பிரேசர் டவுனில் மாடி வீடு, தம்பிமார் இருவருக்கும் கல்யாணம். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத இந்தக் கீழக்கரைக்காரன் பஞ்சு அடித்தே உண்டாக்கியவை. ஒருவனும் கைகொடுக்கவில்லை. ஆனாலும் இத்தனை வருஷமாக ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அலமாரியில் சரக்குப் பெயர் எழுதி நான் ஒட்டிய சீட்டுகளை முறைத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் துணிக்கடைக்காரர் தன் உருதுத் தமிழில் கேட்பார்: "இன்னா பாய், எழுத்து நம்மள்து, பேச்சு யார்து?"

"தமிழ்தான் பாய்" என்பேன். நம்பமாட்டார். சிறுவயதில் குர்ஆன் ஓதப்போன இடத்தில் கற்ற அரபு எழுத்துதான் என் கைக்குச் சரளம். அதில் தமிழை எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம், அரபுத்தமிழ் என்போம். சீட்டுகளில் தலையணை, இலவம்பஞ்சு எல்லாம் வலமிருந்து இடமாகத்தான் கிடக்கும். லீவு நாட்களில் என் மகள் சபியா அவற்றைப் படித்துத்தான் சரக்கு எடுத்துக் கொடுப்பாள்.

பெங்களூரே கம்ப்யூட்டர் பின்னால் ஓடிய தொண்ணூறுகளின் கடைசியில், பி.ஏ. முடித்த அவள் சென்னைக்குப் போய் இஸ்லாமியவியல் எம்.ஏ. படிக்கவேண்டும் என்றாள்.

"ஏழு வயசுலயே ஓதி முடிச்சிட்டியே, அதுக்கு எதுக்கு யுனிவர்சிட்டி? பள்ளிவாசல்ல தொழவைக்கவா போற?"

"ஓத இல்ல வாப்பா, ஆராய."

"அல்லாவையா?"

"நம்மள வாப்பா."

பெண் கேட்டு வந்தவர்கள், "மாப்பிள்ளைக்கே பத்வா குடுக்குமே புள்ள" என்று சிரித்துவிட்டு எழுந்தார்கள், திரும்பவில்லை. என் வீட்டுக்காரி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தோற்று வரட்டும் என்ற எண்ணத்தில் நானே நேர்முகத் தேர்வுக்குக் கூட்டிப்போனேன்.

வாசலில் நின்று பார்த்தேன். பேராசிரியர் பழைய அரபுத்தமிழ்ப் புத்தகம் ஒன்றை நீட்டினார். மற்ற பிள்ளைகள் எழுத்துக் கூட்டித் திணறினார்கள். சபியா கடையில் சீட்டு வாசிப்பதுபோல மளமளவென்று வாசித்தாள்.

"எந்த மதரஸாம்மா?"

"மதரஸா இல்ல சார், மெத்தைக்கடை."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்ததா, கூசியதா, இன்றுவரை தெரியவில்லை. இடம் கிடைத்தது. பெற்றோர் சம்மதப் படிவத்தை வாங்கி எனக்குத் தெரிந்த எழுத்தில் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உருதுவா? உங்களுக்குத் தமிழ் தெரியாதா பாய்?"

தமிழ்நாட்டில் வைத்துத்தான் கேட்டார்.

எம்.ஏ. முடித்து இப்போது அரபுத்தமிழ் பற்றியே ஆய்வேடு எழுதுகிறாள். வரன் இன்னும் அமையவில்லை. அந்தப் பயம் தினமும் என்னோடுதான் கடை திறக்கிறது. போன மாதம் அவள் வாசித்துக் காட்டிய நன்றிப் பட்டியலில் பேராசிரியர் இருக்கிறார், நூலகம் இருக்கிறது. நான் எங்கே? முதல் பக்கத்தில் என் பெயர் வரவேண்டும் மகளே, கூடவே மெத்தைக்கடையும். என் சீட்டில் இருக்கிற எழுத்திலேயே வரவேண்டும்.