அலமாரி நின்ற இடம்

சுபாங் ஜெயாவில் ஒரு சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் நான் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதன்முதலாகத் தனியாக என்னிடம் கொடுத்த வேலை, கிள்ளானில் ஒரு பழைய வரிசை வீட்டைப் புதுப்பிப்பது. கணவர் லோரி ஓட்டுபவர். மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள்.

காது கேட்காதவர்கள் வீட்டில் பார்வைக்குத் தடை இருக்கக்கூடாது என்று படித்திருந்தேன். அதனால் வரைபடத்தில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டு, அடுப்பைக் கூடத்தைப் பார்த்தபடி வைத்தேன். சமைத்துக்கொண்டே வாசலையும் பிள்ளைகளையும் அவர் பார்க்கலாம். அதைக் கணவரிடம் விளக்கினேன். அவர் சரி என்றார். மனைவி தேநீர் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து, அலுவலகத் தொகுப்புக்காக அந்த வீட்டைப் படம் எடுக்கப் போனேன். சுவர் இருந்த இடத்தில் ஓர் உயரமான துணி அலமாரி, கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மிச்ச இடைவெளியில் திரைச்சீலை.

கணவருக்குச் சங்கடமாகிவிட்டது. “நான் ஜொகூருக்கு லோட் எடுத்துட்டுப் போயிருந்தேன் மிஸ். வந்து பாத்தா இப்படி இருக்கு. பிள்ளைங்கள வெச்சு அவளே தள்ளிட்டு வந்திருக்கா லா.”

மனைவி கைத்தொலைபேசியில் தட்டி என்னிடம் நீட்டினார். “என் கண்ணுல பட்டா உடனே எல்லாரும் கையாட்டிப் பேச ஆரம்பிச்சிடுறாங்க. சமைக்கிற நேரமாவது யாரும் என்கிட்ட பேசாம இருக்கட்டும்.”

முன்பே சொல்லியிருக்கலாமே என்று தட்டினேன்.

“அன்னைக்கு நீங்க அவர்கிட்டதானே பேசினீங்க.”

படம் எடுக்கவில்லை. அலமாரியைத் தொட்டுப் பார்த்தேன்; ஆடியது. பிள்ளைகள் மேல் சாய்ந்துவிடும், மறுபடி சுவரே எழுப்பிவிடலாம், இடுப்பு உயரம் போதுமா என்று இம்முறை மனைவியிடமே தட்டிக் கேட்டேன். அவர் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

முழுச் சுவராகவே கட்டினோம். அவசரத்துக்குக் கூப்பிட, கூடத்தில் சுவிட்சைத் தட்டினால் சமையலறையில் எரிகிற மாதிரி ஒரு விளக்கு வைக்கலாமா என்று கேட்டேன். பிள்ளைகளுக்கு எட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். சுவிட்சைக் கதவு நிலைக்கும் மேலே வைத்தோம்.

சில வாரம் கழித்துக் கணவரைத் தொலைபேசியில் விசாரித்தேன். பிள்ளைகள் நாற்காலி போட்டும் எட்டவில்லையாம்.

“எனக்கு எட்டுது மிஸ்,” என்றார். “பசிச்சா மட்டுந்தான் தட்டுறேன்.”