வாளித் தண்ணியும் வயித்துப் பிள்ளையும்

கல்யாணமாகி ஏழு வருசம் நான் அல்லாஹ்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், ஒரு பிள்ளை. அது வயித்துல தங்கியிருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கு நான் சந்தோசத்துல அழல. ஆஸ்பத்திரி வராண்டாவுல சுவத்துல தலையை முட்டிக்கிட்டு அழுதேன். ஏன்னு சொல்றேன், சகோதரிகளே.

விருதுநகர் பக்கம் ஆடு மாட்டு நோயைக் கண்டுபிடிக்கிற ஒரு லேப்ல நான் வேலை பாக்கேன். எங்க வீட்டுக்காரருக்கு டவுன்ல வத்தல் கடை. மாட்டு ரத்தத்தைத் தொட்ட கையால சோறு போடுறாளேன்னு எங்க மாமியார் மூஞ்சியைச் சுளிப்பாக. நான் காதுல போட்டுக்கிறதில்ல. லேப்ல கழுவித் துடைக்க முத்துமாரிக்கா இருந்தாக. நாரணாபுரத்துல ரொம்ப வருசம் பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து செலுத்துனவுக. ஒரு தடவை தீயில மாட்டிப் பிழைச்சு, இனி அந்தத் திசைக்கே போக மாட்டேன்னு இங்க வந்துட்டாக. ஆனா பழக்கம் விடல. எங்கன வேலை செஞ்சாலும் கதவோரத்துல ஒரு வாளி நிறையத் தண்ணி வச்சுக்கிடுவாக. இங்கன என்னக்கா வெடிக்கப் போகுதுன்னு நாங்க கேலி பண்ணுவோம்.

நோன்புக்கு முந்தின மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. கன்னு வீச்சு நோய்க் கிருமியை வளர்த்த கண்ணாடிக் குப்பியை எடுத்துட்டுப் போறேன். அந்த நோய் வந்த மாட்டுக்குச் சினை நிலைக்காது, மாசம் நிறையுறதுக்கு முன்னாலேயே கன்னை வீசிடும். மனுசருக்கும் ஒட்டும். உறை போட்டிருந்த கை வழுக்கிருச்சு. குப்பி தரையில விழுந்து டப்புன்னு சிதறுச்சு.

கிருமி சிந்துனா என்ன செய்யணும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். மூச்சை அடக்கிக்கிட்டு வெளிய வந்து கதவைச் சாத்தணும். காத்துல பறக்குற துளியெல்லாம் அடங்குற வரைக்கும் உள்ள போகக்கூடாது. அப்புறம் முழு பாதுகாப்போட போய், துணியைப் போட்டு மூடி, கிருமிநாசினியை ஓரத்துலேருந்து நடுவுக்கு மெதுவா ஊத்தி ஊற விடணும். ஆனா நான் வாயைத் திறக்கல, அதுக்குள்ள சத்தம் கேட்ட முத்துமாரிக்கா வாளித் தண்ணி அம்புட்டையும் வீசிட்டாக. தரையில கிடந்தது தெறிச்சு என் மூஞ்சியில அடிச்சுது. மாஸ்க் நனைஞ்சு போச்சு, கண்ணுக்குள்ளயும் போயிருச்சு.

"நெருப்புன்னு நெனச்சுட்டேன்மா"ன்னு அப்படியே நிக்காக. அவுக கையைப் பிடிச்சு வெளிய இழுத்துக் கதவைச் சாத்துனேன். குழாயைத் திறந்துவிட்டு கண்ணைக் கழுவுனேன், கழுவுனேன், கழுவிக்கிட்டே இருந்தேன். லேப் அதிகாரி எங்க ரெண்டு பேரையும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வச்சாரு.

மாத்திரை எழுதுறதுக்கு முன்னால டாக்டரம்மா கேட்டாக, நாள் ஏதும் தள்ளிப் போயிருக்கான்னு. எனக்கு எப்பவும் தள்ளித்தான் போகும், அதனால நான் கண்டுக்கல. எதுக்கும் பாத்துருவோம்னு சோதிச்சாக. பிள்ளை இருந்துச்சு.

இந்த நோய்க்கு வழக்கமா ரெண்டு மருந்து. அதுல ஒண்ணு வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா மத்ததை மட்டும் தந்தாக. மாசக் கணக்குல ரத்தம் எடுத்துப் பாக்கணும், காய்ச்சல் வந்தா உடனே ஓடி வரணும்னு சொன்னாக. பிள்ளை நிக்குமான்னு கேட்டேன். "பொறுத்துத்தான் பாக்கணும்மா"ன்னாக.

அன்னைக்கு சஜ்தாவுல நெத்தியைத் தரையில வச்சு நான் துஆ கேக்கல, சண்டை போட்டேன். யா அல்லாஹ், கொடுத்த அன்னைக்கே பறிக்கத்தான் கொடுத்தியா? பறிக்கிறதா இருந்தா கொடுக்காமலே இருந்திருக்கலாமே. எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தாரு. மாமியார்கிட்ட நாங்க மூச்சு விடல. நோன்பு வந்துச்சு, மாத்திரை சாப்பிடுறதால என்னால பிடிக்க முடியல. ஊரே நோன்பு திறக்குற நேரத்துல நான் மட்டும் அடுப்படியில நின்னு வயித்தைத் தடவிக்கிட்டிருந்தேன். பிள்ளைக்குன்னு ஒரு சட்டைத் துணி கூட வாங்கல. வாங்கி வச்சு எதுக்கு?

முத்துமாரிக்காவுக்கும் மாத்திரைதான், ரத்தச் சோதனைதான். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில எட்டத்துல உக்காந்திருப்பாக. நான் மூஞ்சி குடுத்துப் பேசல. அம்புட்டு வெறுப்பு எனக்கு.

அஞ்சாம் மாசம் காய்ச்சல் வந்துச்சு. உடம்பெல்லாம் வலி. இந்த நோய் இப்படித்தான் தொடங்கும்னு எனக்குத் தெரியாதா? எல்லாம் முடிஞ்சு போச்சுன்னே படுத்துட்டேன். ரத்தம் குடுத்துட்டு பெஞ்சுல சாஞ்சிருக்கேன், முத்துமாரிக்கா பக்கத்துல வந்து நின்னாக.

"உங்க சாமிகிட்ட நீங்க கேளுங்கம்மா, எங்க ஆத்தாகிட்ட நான் கேக்கேன். நானும் ஒண்ணைத் தீயில பறிகுடுத்தவதான்."

அவுக மகளும் அதே கம்பெனியில வேலை பாத்தாளாம். தீப்பிடிச்ச அன்னைக்கு வாளி எட்டத்துல இருந்துச்சாம். இத்தனை வருசத்துல எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. அந்தத் தண்ணி எதுக்குன்னு எனக்கு அப்பத்தான் விளங்குச்சு. என் வெறுப்பெல்லாம் போன இடம் தெரியல. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதோம்.

அன்னைக்குப் பொழுது சாஞ்சு மஃரிப் தொழுதுட்டுத்தான் சண்டை போடாம கேட்டேன். ரப்பே, எனக்குத் தெம்பு இல்ல. நீ வச்ச பிள்ளையை நீயே பாத்துக்க. அந்த அக்காவுக்கும் இன்னொரு பிள்ளை தன்னால போச்சுங்கிற பாரத்தைக் குடுத்துராதே.

ரத்தச் சோதனை முடிவு வந்துச்சு. சாதாரணக் காய்ச்சல். அதுக்கப்புறமும் பயம் விடல, பிரசவம் வரைக்கும் விடல. மாட்டு நஞ்சுக்கொடி எத்தனையோ நான் சோதிச்சிருக்கேன். என் நஞ்சுக்கொடியைச் சோதனைக்கு எடுத்துட்டுப் போனப்ப கண்ணை மூடிக்கிட்டேன். எந்தக் கிருமியும் இல்லன்னு சொன்னாக. அல்ஹம்துலில்லாஹ். பிறந்தது மகள். வெளிய வந்தப்பவே ஆஸ்பத்திரியே திரும்பிப் பாக்குற மாதிரிக் கத்துனா.

இப்ப எங்க லேப்ல கிருமிக் குப்பியை யாரும் கையில தூக்கிட்டுப் போறதில்ல, மூடி போட்ட பெட்டிக்குள்ள வச்சுத்தான். கண்ணை மூடுற கண்ணாடி இல்லாம யாரும் உள்ள போறதில்ல. வேலைக்குப் புதுசா வர்றவுககிட்ட முத்துமாரிக்காதான் முதல்ல சொல்லுவாக, இங்கன சத்தம் கேட்டா வாளியைத் தூக்காதீக, கதவைச் சாத்திட்டு வெளிய வாங்கன்னு.

சகோதரிகளே, மனசு விட்டுப் போனாலும் கேக்குறதை விட்டுறாதீக. கோவத்தோட கேட்டாலும் அவன் கேப்பான், என் சண்டையவே கேட்டானே. பிள்ளையைப் பாக்க வந்த அன்னைக்கு முத்துமாரிக்கா முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுனாக. போதும்க்கான்னு சொல்லி நான்தான் மகளை அவுக கையில குடுத்தேன்.