முடிச்சு அவிழவில்லை

எழுபதுகளில் மில்லர்புரத்தில் நாங்கள் கோழி வளர்க்கத் தொடங்கிய சமயம். குஞ்சுகளுக்குச் சூடு வேண்டுமென்று, உமி பரப்பிய மரப்பெட்டிக்கு மேலே பெரிய பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். ஹோல்டரை உத்தரத்தில் கட்டியது தூண்டில் போடும் நைலான் நரம்பால்.

"கம்பியில கட்டுங்க. நரம்பு சூட்டுல இளகிரும்," என்றாள் என் மனைவி.

கடலில் தொழில் செய்கிறவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏளா, வள்ளத்தையே பிடிச்சு நிறுத்துத முடிச்சு இது. ஒரு பல்பத் தாங்காதோ?"

மறுநாள் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தால் வீடெல்லாம் புகை. பல்பு உமியில் விழுந்து கிடந்தது. எரிகிற பெட்டிக்குள் கையை விட்டு, அவள் குஞ்சுகளை முந்தானையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

நான் கேட்ட முதல் கேள்வி, "முடிச்ச எதுக்குளா அவுத்த?"

அவள் வெந்த கையோடு மேலே பார்த்தாள். நானும் பார்த்தேன். உத்தரத்தில் என் முடிச்சு போட்டபடியே இருந்தது. அதிலிருந்து தொங்கிய நரம்பின் நுனி உருகி, ஒரு சொட்டாக உறைந்திருந்தது.

கம்பியில் கட்டிய பல்பின் கீழே குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன. கை வலிக்கிறதா என்று அவளிடம் பிறகு எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். ஒருமுறைகூட அது முதல் கேள்வியாகவில்லை.