தங்கமீன் பேனாவும் என் மைத்துளியும்

இன்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் நடந்ததை ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்:
1. ஜப்பான் பேனா ஒன்றின் அழகு.
2. நான் அதற்குச் செய்த கேடு.
3. அத்தகைய பேனா எழுதுவதற்கல்ல என்ற என் முடிவு.

பேனா திருத்தும் கடையில் என் பக்கத்தில் ஒரு மாணிக்க வியாபாரி இருந்தார். அவருடைய கறுப்புப் பேனாவில் ஒரு தங்கமீன். ஜப்பானில் ஒருவகை மரப்பாலைப் பல தடவை பூசி, ஈரம் உலருமுன் தங்கத்தூள் தூவி வரைவார்களாம். ஒவ்வொரு செதிலும் விரலில் தட்டுப்பட்டது.

“எழுதிப் பாருங்களேன் ஐயா,” என்றார்.

மூடியை வெடுக்கென்று இழுத்துத் திறந்தேன். மை வழிந்து மீனை மூடிவிட்டது. அவருடைய கல்யாணத்துக்கு மச்சான் ஜப்பானிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பேனாவாம். இது எழுதுவதற்கான பேனாவே அல்ல என்று அப்போதே முடிவுகட்டினேன்.

கடைக்காரர் சிரித்தார். “ஐயா, மீனுக்கு நீந்தத் தண்ணி விட்டிட்டியள்!”

வியாபாரி ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தார். மீன் முன்னிலும் மின்னியது.

“பதறாதீங்க. ஏழு வருஷமா இதாலதான் எழுதுறேன். எத்தனை தடவை மை கொட்டியிருக்கும்!”

ஆகவே என் மூன்றாவது குறிப்புப் பிழை.

ஓய்வு பெற்ற அன்று கந்தோரில் தந்த பேனாவை நான் இன்னும் எழுதாமலே அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். உங்களில் வேறு யாரும் இப்படி உண்டா?