பின்பக்கமாக நடந்தவர்

மகளின் குடல்வால் வீங்கிவிட்டது, உடனே வெட்ட வேண்டும் என்று லண்டன் ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, அவளுடைய கட்டிலை ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோக வந்த ஊழியர் எங்கள் ஊர்த் தமிழர். மெலிந்த உடம்பு, நரைத்த மீசை. மற்றவர்கள் தலைமாட்டில் நின்று தள்ளும் கட்டிலை, இவர் கால்மாட்டில் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார்.

"மல்லாந்து கிடந்து முகட்டையே பாத்துக்கொண்டு போகப் பிள்ளைக்குப் பயம். ஒரு முகமாவது தெரியட்டும்" என்றார்.

கதவு மூடியது. வெளியே நானும் அவரும்தான். நான் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டிருப்பார்.

"பயப்படாதையுங்கோ தங்கச்சி. எத்தினை பிள்ளையளை இந்தக் கதவாலை விட்டிருப்பன்! முந்தி இந்தக் குடல்வால் வருத்தத்தோட நெடுகப் பிள்ளையள் வருங்கள். இப்ப நல்லாக் குறைஞ்சு போச்சு."

"ஏன் அண்ணை?"

"டொக்டர்மாருக்கே வடிவாத் தெரியாதாம். நீங்கள் என்னட்டைக் கேக்கிறியள்!"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "குறைஞ்சது நல்லதுதானே?"

"ஓம், நல்லதுதான். ஆனா வீட்டிலையும் ஆளில்லை. நாள் முழுக்க நான் கதைக்கிறது இந்தக் கட்டிலிலை வாற பிள்ளையளோடதான்."

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போக மகள் மெல்ல நடந்தே வெளியே வந்தாள். நடைக்கூடத்தில் அவர் வெறுங்கட்டிலோடு நின்றார்.

"போயிட்டு வாறன் அங்கிள்" என்றாள், நான் பழக்கியபடி.

"இஞ்சை அப்பிடிச் சொல்லக்கூடாது பிள்ளை. போறன் எண்டு சொல்லு."

"போறன் அங்கிள்."

அவர் தலையாட்டிவிட்டுக் கட்டிலை இழுத்தார். அதில் யாருமே இல்லை. அப்போதும் பின்பக்கமாகத்தான் நடந்துபோனார்.