பேச்சில்லாப் படம்

மகளுக்குக் கல்லூரியில் ஐந்து நிமிட வீடியோ ஒன்று எடுக்கச் சொல்லியிருந்தார்கள். பேட்டியா, ஆவணப்படமா, குறும்படமா, வடிவத்தை அவரவரே தீர்மானிக்கலாம். திங்கட்கிழமை கொடுத்துவிட வேண்டும். நடிக்க ஆளில்லை, ஆவணப்படத்துக்கு நாளில்லை. பேட்டிதான் என்றாள். யாரை? என் அக்காளை. விசைத்தறிக் கூடத்திலேயே வயதைக் கழித்தவளை.

"எங்கிட்ட பேச என்னட்டி இருக்கு? நூல் அறுந்தா முடிச்சுப் போடுவேன். அம்புட்டுதான்."

"அதையே சொல்லுங்க அத்தை."

"நைட்டியோட வரவா, சேலை உடுத்தவா?"

சேலை உடுத்தி, தறி முன்னால் நின்றாள். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் கேள்வி காதில் விழாதென்று மகள் தாளில் எழுதிக் காட்ட, அக்காள் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். இரைச்சலைக் கம்ப்யூட்டரில் குறைத்துவிடலாம் என்பது மகளின் நம்பிக்கை.

வீட்டில் குறைத்துப் பார்த்தால், அடியில் குரலே இல்லை.

"அப்பா, அத்தை சத்தமே விடலப்பா! வாயை மட்டும் அசைச்சிருக்காவ!" சிரித்தவள், கொஞ்ச நேரத்தில் அழுகிற மாதிரி ஆகிவிட்டாள்.

தறிக்கூடத்தில் யாரும் கத்திப் பேசுவதில்லை. கத்தினால் ஒரு வாரத்தில் தொண்டை போய்விடும். வைவது, கேலி, துக்கம், எல்லாம் உதட்டசைவில்தான். தறி ஓடினால் அக்காளுக்குக் குரல் தானாகவே அடைத்துக்கொள்ளும். இதை நானாவது யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

"உங்களுக்குத் தெரியும்லா? பாத்துச் சொல்லுங்கப்பா. கீழ எழுத்துப் போட்டுருதேன்."

தெரியும். பள்ளிக்கூட லீவில் அவளுக்குச் சோறு கொண்டுபோன நாட்களில் பழகியது. திரை முழுக்க அக்காள் முகம். நூல், பஞ்சு, முழங்கால் வலி என்று நான்கு பதில்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன், மகள் தட்டிக்கொண்டே வந்தாள். ஐந்தாவது கேள்வி: சின்ன வயதில் என்ன ஆக ஆசைப்பட்டீர்கள்?

அக்காளின் உதடுகள் சொல்லின: 'டீச்சர் ஆகணும்னு நெனச்சேன். பத்தாவதுல நான்தான் மொத மார்க்கு. தம்பி படிக்கட்டும்னு என்னை நிப்பாட்டிட்டாவ. அவன் கவிதை எழுதுதான். வாங்கிப் பார்ப்பேன். ஒண்ணுலயும் நான் இல்ல.'

இத்தனையும் சிரித்தபடி.

"என்னப்பா சொல்லுதாவ?"

"சரியாத் தெரியலை மக்கா." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் ஓடியது. "பேட்டியே வேண்டாம், வடிவத்தை மாத்திரு. எழுத்தும் வேண்டாம். முகமும் தறிச் சத்தமும் மட்டும் இருக்கட்டும். அதுதான் கவித்துவமா இருக்கும்."

புத்தகம் போட்ட அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான்கு பதில்களின் எழுத்தையும் அழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டுக்குப் போனபோது மகள் படத்தைப் போனில் காட்டினாள். அக்காள் கண்ணை இடுக்கிக் கடைசிவரை பார்த்தாள்.

"எழுத்து ஒண்ணும் போடலியாட்டி?"

"அப்பாவுக்குப் புரியலையாம் அத்தை."

"அப்படியா?" போனைத் திருப்பிக் கொடுத்தாள். "சின்னப்பிள்ளையில அம்புட்டும் புரியும் இவனுக்கு."

மகள் என்னைப் பார்த்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம், இன்னும் நேரம் இருந்தது. "மறந்துபோச்சு" என்றேன். அக்காள் எழுந்துபோய் உலை வைத்தாள்.

மறுநாள் மகள் பனவடலிசத்திரம் தாண்டும்போது பஸ்ஸிலிருந்து கூப்பிட்டாள். "படிவத்துல வடிவம்னு ஒரு கட்டம் இருக்குப்பா. என்ன எழுத?"

"பேச்சில்லாப் படம்" என்றேன். நல்லா இருக்குப்பா என்றாள்.